ஹவுப்ட் என்றால் பெரியது

நாலாம் வகுப்பு முடியும்போது பள்ளிக்கூடம் தந்த பரிந்துரைக் கடிதத்தை அப்பா மழைச்சட்டைக்குள் பொத்திக்கொண்டு எசன் நகரத் தெருவில் நடந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஜேர்மனியில் பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் போகக்கூடியவர்களுக்குக் கிம்னாசியம், நடுத்தரமானவர்களுக்கு ரெயால்சூல, படிப்பில் பின்தங்கியவர்களுக்கு ஹவுப்ட்சூல. என் கடிதத்தில் கிம்னாசியம் என்றிருந்தது.

அப்பா முகம் சுளித்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் வேதவாக்கு நியூ ஜெர்சியில் இருந்த சித்தப்பாதான். அங்கே வீட்டு முகவரி எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறதோ அந்த மாவட்டத்து ஹைஸ்கூலில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிப்பார்களாம். ஜிம்னேசியம் என்பது அந்த ஹைஸ்கூலில் பந்தடிக்கிற மண்டபமாம். தொலைபேசியை வைத்ததும் அப்பா அம்மாவிடம், "பிள்ளையைப் பந்தடிக்கவோ அனுப்பச் சொல்லினம்?" என்றார். ஹவுப்ட் என்ற சொல்லை விளக்க அவருக்கு யாரும் தேவைப்படவில்லை. அவர் துப்புரவு வேலை செய்த ஹவுப்ட்பான்ஹோஃப்தான் நகரத்திலேயே பெரிய ரயில் நிலையம். அப்படியென்றால் ஹவுப்ட்சூலதானே பெரிய பள்ளிக்கூடம்?

முடிவு பெற்றோர் கையில் இருந்தது. அப்பா ஹவுப்ட்சூல என்றதும் வகுப்பாசிரியை திகைத்துப்போய், நிச்சயமாகத்தானா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் என் உயிர்த்தோழி ஹவுப்ட்சூலவுக்குத்தான் போகிறாள்.

"உங்களுக்குச் சந்தோஷமோ எண்டு கேக்கிறா, அப்பா."

அப்பா நல்ல சந்தோஷம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு கண்ட இடமெல்லாம் பெருமைதான். இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு வாசலில் இன்னொரு பிள்ளையின் தகப்பன், "ஏன் அண்ணை, பிள்ளைக்குப் படிப்பு ஏறாதோ?" என்று கேட்டார். கேலியாக இல்லை, அனுதாபமாகத்தான் கேட்டார். அதனால்தான் அப்பா ஆடிப்போனார். திங்கட்கிழமையே வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிம்னாசியத்துக்கு ஓடினார். இடமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தார்.

"அப்பாவை மன்னிச்சுக்கொள் பிள்ளை. எனக்கு விளங்கேல்லை."

அன்றுவரை அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அடுத்த வருடமும் இடம் கிடைக்கவில்லை. ரெயால்சூல, பிறகு மாலை வகுப்பு என்று சுற்றிச் சுற்றிப் பல்கலைக்கழக வாசலை மிதிக்க மற்றவர்களைவிட எனக்கு நாலு வருடம் கூடுதலாக ஆனது. அந்த நாலு வருடத்தையும் அப்பா தன் குற்றமாகவே பார்த்தார்.

போன மாதம் என் மகளுக்கும் அதே கடிதம் வந்தது. அப்பா ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். சரியாகத்தான் வாசிக்கிறாயா என்று வேறு கேட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்று ஆசிரியை உண்மையில் என்ன கேட்டார் என்பதைச் சொல்லிவிட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பித் தா."

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டியபடியே இருந்தார்.