பூதம் சாகாத வருஷம்

என் மகள் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். லீவுக்கு வந்தால் செல்லைக் கீழே வைப்பதில்லை. வருஷக்கணக்காக அவள் ஆடிய ஏதோ ஆட்டத்துக்கு இப்போது அடுத்த பாகம் வந்திருக்கிறதாம். "எல்லாத்தையும் மாத்திட்டானுங்கம்மா. நான் வளத்து வச்ச ஆளையே காணோம்" என்று காலையிலிருந்து புலம்பல். எனக்கு முட்டி வலி. பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. உம் கொட்டி வைத்தேன். இந்தப் புலம்பல் எனக்குப் புதிதில்லை. நானே புலம்பியதுதான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் நாலாவது படித்தேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் மாசி பிறந்தால் புளிதான். வாசலெல்லாம் பழம் காயும். பிள்ளைகள் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் இழுத்து, கொட்டை எடுக்க வேண்டும். நகக்கண்ணெல்லாம் எரியும். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஒன்றுக்குப் போய்வருகிறேன் என்று எழுந்தால் அன்றைக்கு அவன் கணக்கில் இல்லை.

எங்களை உட்காரவைக்க அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, ஒரு தந்திரம் பண்ணினாள். கதை சொல்வாள், ஆனால் கதையில் நாங்கள்தான் ஆட்கள். அண்ணன் வில்லுக்காரன். தம்பி சமையல்காரன், அது அவனாகக் கேட்டு வாங்கியது. நாலு பேர் எதிரில் வாய் திறக்காத நான் குதிரைக்காரி. கோட்டைக்குள் அடைபட்ட ராணியை மீட்க வேண்டும். வாசலில் ஒரு பூதம். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்லவேண்டும், நடக்குமா என்று கொட்டை சொல்லும். ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெளுத்த ஐந்து புளியங்கொட்டை. வெள்ளை அதிகம் விழுந்தால் ஜெயம். ஒரு கூடை முடித்தால்தான் ஒருமுறை உருட்டலாம். தந்திரம் அதில்தான் இருந்தது. அண்ணன் அதற்கப்புறம் பாதியில் எழுந்து போனதே இல்லை.

புளி தீர்ந்தால் கதையும் நிற்கும். அடுத்த மாசியில் நின்ற இடத்திலிருந்து தொடங்கும். இரண்டாம் வருஷம் பூதத்தைக் கொன்று ராணியை மீட்டோம். என் குதிரை மட்டும் ஆற்றில் கால் ஒடிந்து கிடந்தது. அது பிழைக்குமா என்று உருட்டுவதற்குள் புளி தீர்ந்துவிட்டது. வைகாசியில் அத்தைக்குக் கல்யாணமாகி நல்லம்பள்ளிப் பக்கம் போய்விட்டாள்.

மறு மாசியில் ஒரு மத்தியானம், ஒரே ஒரு பையோடு தனியாக வந்து நின்றாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டோம்.

"கதை சொல்லத்தானே வந்தீங்க அத்தே?"

"ஆமாண்டி, வேற எதுக்கு?"

நம்பிவிட்டோம். எப்போதும் சுவரில் சாய்ந்து உட்காருகிறவள் அன்று சாயவில்லை. சாயங்காலம் அம்மா அவள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். பஸ்ஸில் வந்த வலி என்றார்கள்.

கதையில் இப்போது ராணி ஆற்றோரம் குடிசை போட்டிருந்தாள். கேழ்வரகு விதைத்தாள், ஆடு இரண்டு வளர்த்தாள். மழை வருமா என்று நாங்கள் உருட்ட வேண்டும். அவ்வளவுதான்.

"இதென்னா அத்தே, சண்டையே இல்ல? கேவுரு வெதைக்க எதுக்கு வில்லு?" என்றான் அண்ணன்.

"பூதம் வோணும்" என்றான் தம்பி.

நான் மெல்ல, "என் குதிரை?" என்றேன்.

"நல்லாயிருக்குது கண்ணு. ஆத்தோரமா மேயுது."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வருஷம் காத்திருந்தேன், நானே உருட்டிப் பிழைக்கவைக்க. சும்மா நல்லாயிருக்குது என்றால் எப்படி?

"பழையபடியே சொல்லுங்க அத்தே. கோட்டை, பூதம், எல்லாம் அப்படியே இருக்கணும்" என்றேன். எனக்கே ஆச்சரியம், அவ்வளவு சத்தமாகச் சொன்னது.

அத்தை கொஞ்ச நேரம் பழத்தையே தட்டிக்கொண்டிருந்தாள். "சரி. அப்படியே இருக்கட்டும்."

பூதம் எழுந்து வந்தது. ராணி திரும்பவும் கோட்டைக்குள். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்த வருஷம் பூதம் சாகவில்லை. மூன்று வெள்ளை விழுந்தது, நாலு விழுந்தது, அம்பு பட்டும் நின்றது. ஐந்தும் வெள்ளை விழுந்தபோது அண்ணன் எழுந்து குதித்தான்.

அத்தை கொட்டையைப் பொறுக்கினாள். "அவன் சாவமாட்டான்டா. அது அவன் வூடு."

"அழுகுணி ஆட்டம்! ரூல்ஸை மாத்திட்டீங்க!"

"நான் மாத்தலடா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சலவை வேட்டி கட்டினார். "எத்தினி நாளைக்கும்மா இங்கயே இருப்ப? பாக்கறவங்கல்லாம் கேக்கறாங்க. நானே வந்து மாப்பிள்ளைகிட்ட பேசறேன், கெளம்பு."

"சரிண்ணா" என்றாள். எங்களுக்குச் சொன்ன அதே சரி.

பஸ் வரும்போது ஓடிப்போய், "கொட்டையைக் குடுத்துட்டுப் போங்க, நாங்களே ஆடிக்கறோம்" என்றேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். முடிச்சை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள், அவிழ்க்கவில்லை.

"நீ புதுசா தேச்சுக்க கண்ணு. இது எனக்கு வோணும்."

கதையைப் பாதியில் விட்டதுமில்லாமல் கொட்டையையும் கொண்டுபோகிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது. நல்லம்பள்ளியில் புளியமரமே இல்லையா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கூடையை என் பக்கம் தள்ளினாள். இரண்டு நாள் கோபமாகவே கொட்டை தேய்த்தேன். அங்கே அத்தை யாரோடு ஆடுவாள் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.