வளைவில் கத்தும் வண்டி

பாய்லர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் அவர் தங்கையைத் தவிர யாருக்கும் நினைவில்லை. தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப், எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு அவர். வண்டி கொண்டு வருகிறவர் குறையைச் சொல்ல வாயெடுத்தால், "வண்டியே சொல்லும், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்பார். பின்சக்கர வேலைக்கு அவரை விட்டால் அந்தப் பக்கம் ஆள் கிடையாது. அதனால் வருகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள்.

உலகத்தின் மேல் பொதுவாகவே அவருக்குக் கோபம் உண்டு. அதில் பெரும்பங்கைத் தங்கை புருஷனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அவன் முன்பு அவரிடமே வேலை பார்த்தவன், நல்ல கை. ஒருநாள் காலையில் அவன் வேலைக்கு வரவில்லை. மதியம் வீட்டுக்குப் போனால் தங்கையையும் காணவில்லை. இருவரும் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு, மெயின் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் ஒரு வீடு பிடித்து, பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, சாமான் ஏற்றிப் பிழைக்க ஆரம்பித்தார்கள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே முடிச்சு வச்சிருப்பேனே" என்று பாய்லர் பிறகு எல்லாரிடமும் சொன்னது பச்சைப் பொய்.

தங்கைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது அதையும் அவன் கணக்கில்தான் எழுதினார். வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அவள் நடமாட முடியும். அந்த நாட்களில் காலையில் போன் போடுவார். "எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவனைக் கரித்துக்கொட்டத் தொடங்குவார். வேளைக்குச் சோறு போடுகிறானா, மாத்திரை வாங்கினானா, இப்படிப் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா. அவள் "ம்" கொட்டுவாள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள்.

மழை பிடித்தது. பள்ளத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் மண்பாதை சேறாகி, பிக்கப் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஒரு சக்கரம் மட்டும் கிறுகிறுவென்று சுற்ற, மற்றது சொல்லி வைத்தாற்போல அசையவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி தவறியது. மறுநாள் மூச்சுத் திணறலோடு அவளை நாற்காலியில் உட்கார வைத்து அக்கம்பக்கத்தார் மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த முறைக்கு ஒரு நாள்தான் இருந்தது. மழை விடுகிற மாதிரியும் இல்லை.

அவன் வேறு வழியில்லாமல், டிராக்டரில் கயிறு கட்டி வண்டியை மேலே இழுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"மேஸ்திரி, பின்னாடி பிடிப்பு விட்டுப்போச்சு."

மச்சான் என்று அவன் கூப்பிட்டதில்லை, மாப்பிள்ளை என்று இவரும் கூப்பிட்டதில்லை. பாய்லர் அவனைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துப் பேசினார். "உள்ள விடச் சொல்லு."

ஜாக்கி போட்டு ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினார். அந்த வகை வண்டியில் இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில், டிஃபரன்ஷியலுக்குள், வட்டத் தகடுகளை அடுக்கி ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருப்பார்கள். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றினால் தகடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மற்ற சக்கரத்தையும் இழுக்கும். பற்றுகிற தகடாக இருந்தால், தூக்கிய சக்கரத்தைத் திருப்ப ஸ்பானரில் முழு உடம்பையும் போட்டுத் தொங்க வேண்டும். அவருக்கு ஒரு கை போதுமாக இருந்தது.

மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். பார்வை அப்போதுதான் முதல்முறையாக அவன் மேல் விழுந்தது.

"சின்ன பாட்டில் எத்தனை ஊத்தின?"

வண்டி வளையும்போது இந்தத் தகடுகள் உறுமும். அதை அடக்க, எண்ணெயோடு கலக்க ஒரு சின்ன பாட்டில் விற்கிறார்கள். அளவோடு ஊற்றினால் சத்தம் தணியும். அதிகமானால் தகடுகள் பற்றுவதையே மறந்துவிடும்.

"ரெண்டு."

"என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன்தானே நீ? ஒண்ணுக்கு மேல ஊத்தக்கூடாதுன்னு தெரியாது?"

"தெரியும்."

"அப்புறம் எந்த அறிவுகெட்டவன் ஊத்தினது?"

அவன் கொஞ்ச நேரம் போல்ட்டைத் துடைத்தான். "நான்தான்."

பாய்லருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. இத்தனை வருஷமாக ஊகத்திலேயே திட்டிக்கொண்டிருந்தவருக்கு ஆள் கையும் களவுமாக அகப்பட்டிருக்கிறான். வெளுத்து வாங்கினார். "அவ மூச்சு முட்டி நாற்காலியில ஏறினாளே, அது உன் ரெண்டு பாட்டில். புரியுதா? காது குளிர வண்டி ஓட்டணும் துரைக்கு." பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். பாய்லர் திட்டிக்கொண்டே கையை நீட்டினால், கேட்காமலேயே சரியான ஸ்பானர் கையில் வந்து உட்கார்ந்தது. அந்த எரிச்சல் வேறு.

புதுத் தகடு வரவழைக்க ஒரு வாரமாகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பழையதையே தேற்ற வேண்டும். தகடுகளை டீசலில் கழுவி, வழவழவென்று கண்ணாடியாகிப்போன முகங்களை எமரித் தாளில் வட்டமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார்கள். கம்பெனி அடுக்கில் ஓரிடத்தில் இரண்டு வெறும் இரும்புத் தகடுகள் ஒட்டி வந்தன. பாய்லர் வரிசையை மாற்றி, ஒவ்வொரு இரும்புக்கும் பக்கத்தில் ஒரு பிடிமானத் தகடு வரும்படி அடுக்கினார். கடைசியில் இடைவெளியை அடைக்கும் ஷிம் வளையம், கொஞ்சம் தடித்ததாக ஒன்றைச் செருகி இறுக்கம் கூட்டினார். புது எண்ணெயில் ஊறவைத்துத்தான் பூட்டினார்கள். சாயங்காலம் அதே சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தபோது, ஸ்பானரில் தொங்கிய பிறகுதான் முக்கிக்கொண்டு அசைந்தது.

"அந்தச் சின்ன பாட்டில்ல அரை மூடி மட்டும் விடலாமா மேஸ்திரி?"

"ஒரு சொட்டு விட்டாலும் கையை ஒடிப்பேன்."

"வளைவுல ரொம்பக் கத்தும்."

"கத்தட்டும். அவ ஆஸ்பத்திரி போகணும். உனக்குப் பாட்டுக் கச்சேரியா கேக்குது?"

வெளிச்சம் இருக்கும்போதே சோதித்துவிட வேண்டும் என்று அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். அவர் அந்தப் பள்ளத்தில் இறங்கியது அதுவே முதல் தடவை. தங்கை வாசலுக்கு வந்தாள். முகம் ஊதியிருந்தது, கால்கள் அதைவிட ஊதியிருந்தன. அவருக்குச் சுருக்கென்றது. அந்த வலியையும் கோபமாகத்தான் வெளியே விடத் தெரிந்தது.

"ஏறு. நாளைக்கு மேல போகுமான்னு இப்பவே பாத்துடு. உன் புருஷன் கெடுத்து வச்சதை நான் சரி பண்ணிட்டேன்."

மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சேற்றில் சக்கரம் ஒரு கணம் வழுக்கியது. அடுத்த கணம் மற்ற சக்கரம் பற்றிக்கொள்ள, வண்டி ஒரு குலுக்கலோடு ஏறியது. பாய்லர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் வளைவு வந்ததும் பின்னாலிருந்து கொர்ரென்று உறுமல் எழுந்தது. தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரண்டாவது வளைவிலும் அப்படியே.

மெயின் ரோட்டில் வண்டி நின்றது. "பாத்தியா?" என்றார் பாய்லர். "ரெண்டு பாட்டில் ஊத்தியிருக்கான் உன் ஆளு. சத்தம் ஆகாதாம்."

"அவர் வேணாம்னுதான் சொன்னார். ஒண்ணுக்கு மேல ஊத்தினா ஏறாதுன்னு தலையில அடிச்சுக்கிட்டார். நான்தான் அழுது ஊத்த வச்சேன்."

"சத்தத்துக்கு என்னடி பயம் உனக்கு?"

"பயம் இல்லண்ணா." அவள் வளையல் இல்லாத கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி அங்கே தடித்திருந்தது. "அந்த நாள்ல காலையில உன் போன் வரும். கேட்டு முடிச்சிட்டு வண்டியில ஏறுவேன். ஏறினா, வளைவுக்கு வளைவு அதே குரல். திரும்பவும் நீ திட்டுற மாதிரியே இருக்கும். இந்த உடம்பு தாங்கல."

"விடும்மா, அதான் ஏறிடுச்சுல்ல" என்றான் அவன், ஸ்டீரிங்கைப் பார்த்தபடி. அந்த நல்லதனம் பாய்லருக்குத் திட்டை விட மோசமாக வலித்தது. அவனை இவ்வளவு வெறுத்ததில்லை என்று அந்த நிமிஷத்தில் நினைத்தார். கதவைத் திறந்து இறங்கி, மழையில் வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை விரல் தன் பழக்கத்துக்குப் போனில் எண்ணை அழுத்திவிட்டது.

"மேல வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம்ணா. ஒரே மூச்சுல ஏறிடுச்சு."

"ம்."

அவர் வாயைத் திறந்தார். முதலில் வந்தது அவனைப் பற்றிய ஒரு வசவு, விழுங்கினார். அடுத்து வந்ததும் அதுதான். மூன்றாவதைத் தேடினார்.

"அண்ணா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"பேசு, கேக்குறேன்."

ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி யோசித்தார். அவனைத் திட்டாமல் தங்கையிடம் பேச அவரிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.