ஞானமணி சார் வரைந்த என் தம்பி முகம்

நேற்றுக் காலை பாறசாலைச் சந்தையில் பலசரக்குக் கடைக்காரர் சொன்னார்: "அறிஞ்சீரா, நம்ம டிராயிங் சார் மரிச்சுப் போனாரு." குன்னத்துகால் ஞானமணி சார். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

சார் சென்னையில் ஓவியம் படித்தவர். தமிழ் ஊர்களை மலையாள நாட்டிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க நடந்த எல்லைப் போராட்டத்தில் எங்கள் கமிட்டிக்குத் தட்டி எழுதித் தந்தவர். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். தலைக்கனமும் குறைவில்லை.

என் தம்பி செல்லையன் ஊர்வலத்தில் அடிபட்டு இறந்தபோது நான் தலைமறைவாக இருந்தேன். அடக்கத்துக்கும் வர முடியவில்லை. வீட்டில் அவன் போட்டோ ஒன்றுகூட இல்லை. திரும்பி வந்ததும் சாரிடம், நினைவுக் கூட்டத்தில் மாலை போட ஒரு படம் வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

கூட்டத்தில் துணியை விலக்கினால், முகம் துண்டு துண்டாக இருக்கிறது. ஒரு கண் நெற்றிப் பக்கம், மற்றது இல்லவே இல்லை. நடுவில் கறுப்புக் கோடு. ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். எங்கள் ஆட்களுக்குக் கோட்டைக் கண்டால் எல்லை ஞாபகம்தான் வரும். கமிட்டித் தலைவர் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"எலே, இது நெய்யாற்றின்கரை தாலுகா மேப் ஆக்கும். மஞ்சள் நமக்கு, நீலம் அவனுவளுக்கு. பாறசாலைய நீலத்துல கொண்டு வச்சிருக்கான் பாரு."

துரோகி என்று முதலில் கத்தியவன் நான்.

"அது மேப் இல்ல. செல்லையன் ஆக்கும்" என்றார் சார்.

"என் தம்பிக்கு முகம் முழுசா உண்டு ஓய்" என்று சொல்லிப் படத்தைக் கிழித்துப் போட்டேன். அதன்பின் அவரை யாரும் தட்டி எழுதக் கூப்பிடவில்லை. எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நேற்று அம்மாவிடம் சாவுச் செய்தியைச் சொன்னேன். வெகுநேரம் அழுதாள்.

"செல்லையனைத் தூக்கிட்டு வந்தது அவருதான் மக்கா. குளிப்பாட்டத் தண்ணி ஊத்தினதும் அவரு. படத்தை முதல்ல எனக்குத்தான் காட்டினாரு. முகம் உடைஞ்சு அப்படித்தான் கிடந்தான் பிள்ள. உனக்குத் தெரியண்டாம்னு நான் சத்தியம் வாங்கியிருந்தேன். வாயால சொல்லமாட்டேன், ஆனா வேற மாதிரி வரைய கை வராதுன்னாரு."

இன்று அடக்கத்துக்குப் போனேன். பெட்டி மூடும்வரை சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணும் மூக்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதைப் பார்க்கவும் எனக்குக் கோபம்தான் வந்தது.

உங்களை இன்னும் மன்னிக்கவில்லை சார். ஒரு பொய் முகமாவது வரைந்து தந்திருக்கலாம். என் தம்பியைக் கடைசியாகப் பார்க்க எனக்கு வாய்த்தது அந்தப் படத்தின் முன்னால் நின்ற ஒரு நிமிஷம்தான். அதையும் என் கையாலேயே கிழித்தேன். போய் வாருங்கள்.