பொதுமக்கள் சார்பில் ஆர்லீன்

கூட்ட அறைக்குள் நுழைந்ததும் ஆர்லீன் நோவாக் முதலில் தன் பிளாஸ்கைத் திறப்பார். அப்புறம்தான் வணக்கம், குசலம் எல்லாம். அரசாங்கக் காபியை அவர் நம்புவதில்லை. "சவ அடக்க வாரியத்துல ஒரு தடவ குடிச்சேன். அடுத்த கேஸ் நான்தான்னு நெனச்சேன்" என்பார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த மாநிலத்தில் தொழில் உரிமம் தரும் ஒவ்வொரு வாரியத்திலும், அந்தத் தொழில் தெரியாத ஒருவர் பொதுமக்கள் சார்பில் உட்கார வேண்டும் என்பது சட்டம். சோளமும் கால்பந்துமாக இருக்கிற ஜனங்கள் இதற்கெல்லாம் எங்கே வரப்போகிறார்கள்? ஆர்லீன் வந்தார். முடிதிருத்துவோர், அழகுக்கலைஞர், சவ அடக்கக்காரர், கிணறு தோண்டுவோர் என்று எந்த வாரியத்தில் ஆள் குறைந்தாலும் அவருக்குத்தான் போன் போகும். வாரியத்துக்கொரு பெயர்ப் பலகை பையில் இருக்கும். ஒருமுறை பலகை மாறிப்போய், கிணற்றுக்காரர் கூட்டம் முழுக்க அழகுக்கலை உறுப்பினராகவே உட்கார்ந்திருந்தார். ஒருவரும் கவனிக்கவில்லை.

யார் மனுப் போட்டாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இவங்க தப்பாப் பண்ணா யாராவது செத்துப்போவாங்களா?" கிணற்றுக்காரர்கள் யோசிப்பார்கள். மற்றவர்கள் முறைப்பார்கள். "அப்ப குடுத்துத் தொலைங்கப்பா" என்று கையைத் தூக்கிவிடுவார்.

போன வருஷம் சீர்திருத்தம் வந்தது. வேகம் வேண்டும், புது ரத்தம் வேண்டும் என்று எல்லா வாரியங்களையும் கட்டி ஒரே வாரியமாக்கினார்கள். பழைய உறுப்பினர் எவரும் இதில் இருக்கக் கூடாது. பொதுமக்கள் நாற்காலி காலியாக இருந்தால் கூட்டம் செல்லாது. இரண்டும் அவர்களே எழுதிய விதிகள். அந்த நாற்காலிக்கு இன்றுவரை ஒரு மனுவும் வரவில்லை. பாவம், பொதுமக்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

ஆர்லீன் இப்போது பார்வையாளர் வரிசையில் உட்காருகிறார். பழைய பலகைகள் இன்னும் பையில்தான் கிடக்கின்றன. "இப்ப என்னை யாரு கூப்பிடுறா?" என்று பையைத் தட்டிக்கொள்கிறார்.

நேற்றும் கூட்டம் நடக்கவில்லை. முன் வரிசையில், முடிதிருத்த உரிமம் கேட்டு மனுப் போட்டிருந்த ரொசால்பா கத்தரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து மாநிலத்தில் பாதி ஊர் அவளிடம்தான் முடி வெட்டிக்கொண்டது. இங்கே உரிமம் கையில் வராமல் கத்தரியைத் தொட்டால் குற்றம். அவளுக்காக இடம் பிடித்து வைத்திருந்த சலூன்காரியும் இந்த வாரத்தோடு சரி என்று சொல்லிவிட்டாள்.

"மன்னிக்கணும்மா, அடுத்த மாசம் வாங்க" என்றார் வாரியத்தின் இயக்குநர் கிரெய்க் டான்.

ரொசால்பாவின் கண் கலங்கிவிட்டது. ஆர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் தம்பி, உரிமம் இல்லாம முடி வெட்டினா என்ன பண்ணுவீங்க?"

"வாரியம் கூடி நடவடிக்கை எடுக்கும்."

"ஓஹோ. கூடித்தான் எடுக்கணும், இல்ல?"

கிரெய்க்கின் கண் காலி நாற்காலிக்குப் போனது.

ஆர்லீன் மெல்ல எழுந்து போய், காலியாகக் கிடந்த பொதுமக்கள் நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாம்மா. நுனி மட்டும் எடு, போதும். யாரும் சாகமாட்டாங்க" என்று, கொண்டை ஊசியை உருவி கிரெய்க்கின் மேசைமேல் வைத்தார்.