வெள்ளையடித்த தொட்டி

கே.கே. நகர் கிளினிக் ஒன்றில் அப்பாவின் முழங்காலைக் காட்டக் காத்திருந்தபோதுதான் அந்த யோசனை தோன்றியது. வாசலோரம் ஏசிக் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு பச்சை வாளியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதில் உப்பே இருக்காது. கல்லூரி முடித்ததிலிருந்து நான் வளர்க்கத் துடித்த ப்ளூபெர்ரிச் செடிக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட தண்ணீர்தான். புளிப்பு மண்ணில் மட்டுமே பிழைக்கிற செடி அது. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் போர்வெல் தண்ணீரிலோ பருப்புகூட வேகாது. ஆனால் மோட்டார் ரூம் தகரத்தில் விழுகிற மழை? அதைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால்?

அங்கேயே சொன்னேன். "கால் நோவோட வந்தவன்கிட்ட விவசாயம் பேசுறியே தாயி" என்றார் அப்பா.

ஆனால் மறுவாரமே நாலு வரிசை மல்லிகையைப் பிடுங்கி இடம் விட்டார். அந்த இடத்தின் கனம் எனக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலுக்கு மடை திறந்த குடும்பம் எங்களுடையது. சொந்தமாக அறுபது சென்ட் வாங்கிய முதல் ஆள் அப்பாதான். "சித்திரைக்குள்ள செடி பச்சை பிடிக்கணும். இல்லேன்னா மறுபடி மல்லிதான்" என்றார்.

இருபது பைகள். தேங்காய் நார்த்தூளும் கொடைக்கானலிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டுவந்த பைன் சருகும் நிரப்பி, பைக்கு ஒரு செடி நட்டு, ஒரு சொட்டுக்குழாய் செருகினேன். பக்கத்து வயல் அண்ணன் வரப்பில் நின்று சிரித்தார்.

"என்ன தங்கச்சி, போலியோ சொட்டு மருந்தா?"

"ஆமாண்ணே. வாயைத் திறங்க, உங்களுக்கும் ரெண்டு சொட்டு விடுறேன்."

புரட்டாசியில் அம்மன் பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்த அப்பா, மீந்த சுண்ணாம்பைக் கரைத்து மழை பிடிக்கிற எங்கள் சிமெண்டுத் தொட்டிக்குள்ளும் ரெண்டு தடவை அடித்துவிட்டார். குடிதண்ணீர்த் தொட்டிக்கு ஊரில் செய்கிற வழக்கம். "ஒஞ் செடிக்கும் சுத்தமான தண்ணி போகட்டும்." நான் சந்தோஷப்பட்டு போட்டோகூட எடுத்தேன். படித்தவள்தான்.

ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பியது. கார்த்திகையில் இலைகள் மஞ்சளாயின, நரம்பு மட்டும் பச்சையாக. "தண்ணி பத்தல. இம்புட்டூண்டு விட்டா எந்தச் செடி பிழைக்கும்?" என்றார் அப்பா. எனக்கும் பயம். அரை மணி நேரம் திறந்த குழாயை ஒரு மணி நேரம் திறந்தேன். விட விட இன்னும் வெளுத்தது. தை முடிவதற்குள் பதினொரு செடிகள் காய்ந்துவிட்டன.

அப்புறம்தான் புளிப்பு பார்க்கிற சோதனைத்தாளைத் தொட்டியில் முக்கினேன். அதுவரை தகரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை மட்டுமே சோதித்திருந்தேன். தொட்டித் தண்ணீரைச் சோதிக்கத் தோன்றவே இல்லை. தாள் கருநீலமாக மாறியது. சுண்ணாம்பு இறங்கிய தண்ணீர். புளிப்பு கேட்ட செடிக்கு நாள் தவறாமல் சுண்ணாம்பு ஊட்டியிருக்கிறேன்.

அப்பா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப நாந்தான் கொன்னுட்டேனா?"

"இல்லப்பா. நாந்தான் பாக்காம விட்டேன்."

அப்பா பைகளின் பக்கம் போனார். காய்ந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரப்பில் அடுக்கினார். வேரில் ஒட்டியிருந்த நார்த்தூளைத் தட்டி மறுபடி பையிலேயே போட்டார். நானும் கூடக் குனிந்தேன். 

மீதி ஒன்பது. அவற்றில் மூன்றில்தான் அடித்துளிர் தெரிகிறது. தொட்டியைக் காலிசெய்து சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டோம். உள்ளே தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துக் கட்டப்போகிறேன், கோடை மழைக்கு. அதுவரை தண்ணீர்?

நேற்றுச் சாப்பிடும்போது அப்பாதான் ஆரம்பித்தார். "அந்த டாக்டர் வீட்டு வாளி இன்னும் வழிஞ்சுக்கிட்டுத்தான் இருக்குமா?"

"மாசி வெயிலுக்கு ஏசி ஓடாம இருக்குமாப்பா?"

"அப்ப நானும் வாரேன். முழங்காலையும் காட்டுன மாதிரி ஆச்சு."

நாளைக் காலை முதல் பஸ்ஸில் ரெண்டு கேனோடு போகிறோம். கொண்டுவருகிற தண்ணீரில் முதலில் தாளை முக்குவேன். அப்புறம் துளிர்விட்ட மூன்றுக்கும் காலையில் அரை லிட்டர், சாயங்காலம் அரை லிட்டர். அவை ஏற்றுக்கொண்டால் மற்ற ஆறுக்கும்.