தாங்கும் என்று சொன்னேன்

அந்த வண்டியை மூன்றாவது மாடியிலிருந்து முதன்முதலில் இறக்கியது அண்ணாவும் நானும்தான். இரும்புலியூரில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் லிஃப்ட் கிடையாது. படி திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் அதைச் சாய்த்துத் தூக்கிச் சுவரில் இடிக்காமல் இறக்க வேண்டியிருந்தது. இரண்டாவது மாடி மாமி கதவைத் திறந்து பார்த்து, இது மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் வண்டியா என்று கேட்டார். "இல்ல மாமி, காத்தாடி வண்டி" என்றார் அண்ணா. மாமிக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது பாதிதான் புரிந்திருந்தது. மூன்று சக்கரம், நடுவில் தரையோடு தரையாகத் தாழ்ந்த துணி இருக்கை, முன் சக்கரத்தைக் காலாலேயே திருப்ப இரண்டு மிதிகள், அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு அகலமுள்ள துணிக் காத்தாடியைக் காற்றில் ஏற்றி, அதன் கயிறுகளை இடுப்புப் பட்டையின் கொக்கியில் மாட்டிக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் காற்று வண்டியோடு நம்மை இழுத்துக்கொண்டு ஓடும்.

அண்ணா எனக்கு உறவில்லை. மேல் வீட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தார். கம்பெனி அவரை இரண்டு வருஷம் வெளிநாட்டில் ஒரு கடற்கரை ஊருக்கு அனுப்பியிருந்தது. அங்கே சனி, ஞாயிறுகளில் இந்த வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். திரும்பி வரும்போது எல்லோரும் டிவி, கேமரா என்று கொண்டுவருவார்கள். அவர் இதைப் பிரித்துக் கட்டி அனுப்பிவைத்தார். அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் இல்லை. தரைத்தளத்தில் இரண்டு நண்பர்களோடு தங்கியிருந்த எனக்கு, வாரத்தில் மூன்று நாளாவது அண்ணி கையால்தான் சாப்பாடு. "ஏம்ப்பா, ஹோட்டல்ல தின்னு வயித்தக் கெடுத்துக்கற" என்று கடிந்துகொண்டே தட்டு வைப்பார். அந்த வீட்டில் நான் விருந்தாளியாக ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

கோவளம் தாண்டி, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு கடற்கரையை அண்ணா கண்டுபிடித்து வைத்திருந்தார். மதியம் மூன்று மணிக்கு மேல் கடல்காற்று கரையைப் பார்த்துச் சீராக அடிக்கும். கரையோடு தெற்கு வடக்காக ஓட்ட அதைவிடத் தோதான காற்று கிடையாது என்றார். முதல் ஞாயிறு வண்டியை மணலில் வைத்து, காத்தாடியை ஏற்றி உட்கார்ந்தார். காத்தாடி விறைத்து இழுத்தது. வண்டி நாலடி நகர்ந்து, பின் சக்கரங்கள் இரண்டும் கால்வாசி புதைந்து நின்றுவிட்டது. இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார், மறுபடி புதைந்தது. "உழுவுதுடா, ஓடல" என்றார் என்னைப் பார்த்து. அவர் வெளிநாட்டில் ஓட்டியது அலை வடிந்து இறுகிக் கிடக்கும் கெட்டி மணலில். அதற்கான ஒடுங்கிய, காற்று இறுக்கிய டயர்கள் இவை. நம் கரை மணல் அப்படியில்லை. கால் வைத்தாலே கணுக்கால்வரை உள்ளே போகும்.

வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் வெகுநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார். "இன்னா சார், டயரு சைக்கிள் டயரு மாரி கீது, மண்ணுல எப்புடி ஓடும்? போட் இழுக்கற டிராக்டரு டயரப் பாத்தியா? காத்த எறக்கு சார் மொதல்ல" என்றார். அண்ணா அங்கேயே மண்டியிட்டுக் காற்றைப் பாதி இறக்கினார். டயர் தட்டையாகி மணலில் கொஞ்சம் விரிந்தது. இந்த முறை இருபது அடி ஓடியது. இருபது அடிதான். ஆனால் எழுந்து திரும்பிய அண்ணாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

அதன்பிறகு நாலு மாதம் எங்கள் பேச்செல்லாம் டயர்தான். திருமுடிவாக்கத்தில் கைவண்டிகளும் டிராலிகளும் செய்யும் சின்ன கம்பெனியில் எனக்குத் தரச் சோதனை வேலை. எந்தச் சக்கரம் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். அங்கே என் வார்த்தைக்குப் பெரிய மதிப்பெல்லாம் கிடையாது; கையெழுத்துக்குத்தான் மதிப்பு. ஆனால் அண்ணா, அத்தனை படித்தவர், என்னை எதிரே உட்காரவைத்து நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். ஸ்கூட்டர் டயரைப் போட்டுப் பார்த்தோம். அகலம் போதவில்லை, காற்றை மேலும் இறக்கினால் டயர் ரிம்மில் சுழன்று டியூபின் வால்வைப் பிய்த்தது. பூப்போட்ட டயர் மணலைத் தோண்டும், மொழுக்கையான டயர்தான் மேலே மிதக்கும் என்று தெரிந்துகொண்டோம். முன் சக்கரத்தை ரொம்ப அகலமாக்கினால் காலால் திருப்ப முடியாது என்பதும், டயர் பெரிதாகப் பெரிதாக எடையும் கூடி, காற்று கொஞ்சம் தளர்ந்தாலே வண்டி நின்றுவிடும் என்பதும் ஒவ்வொரு ஞாயிறும் புதைந்து புதைந்து கற்றவை. கடைசியில், மணல்மேட்டில் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டிகளுக்கான டயரும் இரும்பு ரிம்மும்தான் சரி என்று அண்ணா முடிவு செய்தார். வரவழைக்க இரண்டு மாதம் ஆகும். அச்சையும் மாற்ற வேண்டும். அதற்குள் காற்று திசை மாறிவிடுமே என்று வருத்தப்பட்டார்.

அப்போதுதான் எனக்கு எங்கள் ஸ்டோரில் கிடந்த சக்கரங்கள் ஞாபகம் வந்தன. ஒரு கடற்கரை விடுதிக்காக, விருந்தினர் பெட்டிகளை மணலில் தள்ளிப்போகும் டிராலி செய்தபோது மிஞ்சியவை. பலூன் மாதிரி உப்பிய, மொழுக்கையான, எடையே இல்லாத சக்கரங்கள். முதலாளியிடம் கேட்டு மூன்றை எடுத்துவந்தேன். அண்ணா அவற்றைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். பிறகு ரிம்மைத் தட்டினார். "பிளாஸ்டிக்கா இருக்கேடா. பக்கவாட்டுல இழுக்குமே, தாங்குமா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். கைவண்டிச் சக்கரத்தின் மேல் எடை நேராக இறங்கும். காத்தாடி வண்டியிலோ காற்று எந்நேரமும் பக்கவாட்டில் இழுக்க, அத்தனை விசையும் ரிம்மின் விளிம்பில் ஏறும். அந்த ரிம்முக்கு அதெல்லாம் பழக்கமில்லை. உள்பக்கத்தில், நடக்கும் வேகத்தில் தள்ளுவதற்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் வார்த்திருந்தது. எங்கள் கம்பெனியில் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். ஆனால் நாலு மாதமாகத் தீராததைத் தீர்த்துவைத்தவனாக அந்த வீட்டுக் கூடத்தில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"தாங்கும்ணா" என்றேன்.

மூன்று ஞாயிறு தாங்கியது. முதல் நாள் அந்தச் சக்கரங்கள் மணலின் மேல் தடம்கூடப் பதியாமல் போனதைப் பார்த்து மீனவர்கள் வலையை விட்டு எழுந்து நின்றார்கள். அண்ணா போனார், போய்க்கொண்டே இருந்தார், சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் சின்னப் புள்ளியாகி, மறுபடி பெரிதாகித் திரும்பி வந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம், "இவன் இல்லேன்னா இது நடந்திருக்காது" என்று சொன்னார். அண்ணி எனக்கு இன்னொரு தோசை வார்த்துப் போட்டார். அந்தத் தோசையின் மணம் இப்போதும் சில சமயம் எங்கிருந்தோ வரும். வந்தால் அன்றைக்குச் சாப்பிட முடியாது.

நாலாவது ஞாயிறு கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. நீரோரமாக ஈர மணல் இறுகி, சிமெண்டுத் தரை மாதிரி நீண்டு கிடந்தது. காற்றும் பலமாக இருந்தது. மெத்து மணலில் வேகம் தானாகவே கட்டுப்படும். கெட்டி மணலில் கட்டுப்பாடு இல்லை. அண்ணா ஈர மணலில் இறங்கியதும் அந்த வண்டி போன வேகத்தைப் பார்த்ததும் ரிம்மில் இருந்த எழுத்து ஞாபகம் வந்தது. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டு என்னவென்று சொல்வது என்று ஒரு நொடி நின்றேன். அவர் திரும்புவதற்காகக் காத்தாடியை இழுத்தபோது இடது பின் சக்கரம் பிளந்தது. வண்டி கவிழ்ந்தது. கயிறு இடுப்புக் கொக்கியில் மாட்டியிருந்ததால் காத்தாடி அவரை விடவில்லை. வலது தோள் மணலில் மோத, தலை ஒரு பக்கம் ஒடிந்தாற்போலக் கிடக்க, கரைமேடுவரை இழுத்துக்கொண்டு போனது. மீனவர்கள்தான் ஓடிப்போய்த் துணியின்மேல் விழுந்து அமுக்கினார்கள்.

உடைந்த தோள் எலும்பு கூடிவிட்டது. ஆனால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் பிய்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் வலது கை தோளிலிருந்து வெறுமனே தொங்கியது. விரல்கள் அசையவில்லை. வேலையை ஒரு வருஷம் இழுத்துப் பிடித்துப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்ட எல்லோரிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: காத்து திடீர்னு தூக்கிடுச்சு. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வலை உதறும் அந்த மீனவர் சக்கரத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு கோணிப்பையில் போட்டு என்னிடம்தான் தந்தார். மறுநாள் அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் அரவைக்குப் போகும் பிளாஸ்டிக் கழிவோடு சேர்த்துவிட்டேன்.

இதில் நான் கணக்கில் எடுக்காத ஒன்று அண்ணியின் கோபம். நாற்பத்தைந்து வயதில் காத்தாடி விடப் போய்க் கையை இழந்த மனுஷன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அண்ணியும் பேசினார். சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது, சோறு பிசைந்து வைக்கும்போது, யாரிடமோ போனில் சொல்லும்போது. "சின்னப் பையனா இவரு? சொன்னாக் கேட்டாத்தானே." அண்ணா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அங்கே இருக்கும்போதே இது நடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீட்டில் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதே குறைந்தது. நான் போவதும் குறைந்தது. கல்யாணமானதும் கூடுவாஞ்சேரிக்கு வீடு மாற்றிக்கொண்டு போனபோது, தூரம் என்று ஒரு காரணம் கிடைத்தது.

விபத்து நடந்து எட்டு வருஷம் கழித்து, போன மாதம், தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் அண்ணாவைப் பார்த்தேன். கூட்டம் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போக, காய்கறிப் பையை இடது கையில் பிடித்து, வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் செருகி, ஒவ்வொரு படியாக இறங்கினார். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் போய்ப் பையை வாங்கியிருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் பின்னால் ஒதுங்கி, அவர் தாண்டிப் போகும்வரை நின்றேன். அன்று வீட்டுக்கு வந்து என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணி, "வாப்பா, இப்பதான் வழி தெரிஞ்சுதா? இளைச்சுட்டியே" என்றார். என்னை அண்ணா முன்னால் உட்காரவைத்துவிட்டுக் காபி போட உள்ளே போனார். குடும்பம், வேலை என்று கொஞ்சம் பேசினோம். பிறகு நான் சொன்னேன். ரிம்மில் இருந்த எழுத்து, தெரிந்தே சொன்ன பொய், கோணிப்பை, எல்லாவற்றையும். சொல்லும்போது அவருடைய மடியில் கிடந்த அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் அண்ணா இடது கையால் வலது கையை எடுத்து நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டார்.

"அந்த எழுத்த நானும் படிச்சேன்டா. மாட்டறப்பவே."

"அப்புறம் ஏண்ணா?"

"நீ சக்கரத்துலயே இருக்கறவன். நீ தாங்கும்னுட்ட. உனக்குத் தெரியாததா அதுல எழுதியிருக்கப் போகுதுன்னு விட்டுட்டேன். காத்துன்னு ஏன் சொன்னேன்னு நெனச்ச? நீயே வந்து சொல்லுவன்னுதான். முதல் ஒரு வருஷம் பூரா தினமும் பாத்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

அடுக்களை வாசலில் அண்ணி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையில் இரண்டு டம்ளர். அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணாவைத்தான் பார்த்தார். எட்டு வருஷம் பேசிய எல்லாவற்றையும் அந்த ஒரு பார்வையில் திரும்ப எடுக்கப் பார்ப்பதுபோல. எடுக்க முடியாது என்பதும் அந்த முகத்திலேயே தெரிந்தது. பிறகு வந்து என் முன்னால் ஒரு டம்ளரை வைத்தார்.

"ஆறிடும். குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அண்ணி என்னை அதுவரை நீங்க என்று சொன்னதில்லை. குடித்தேன். அந்த வீட்டில் எப்போதும் செய்வதுபோல டம்ளரைக் கழுவிவைக்க அடுக்களைப் பக்கம் போனேன். அண்ணி வாசலை விட்டு நகராமல் கையை நீட்டி, டம்ளரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.