அவர் கையில் சென்சார், என் கையில் உயிர்

இது நடந்தபோது போன வருஷம் தீபாவளி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. ஜுருவில் கார் விற்கும் கடை ஒன்றில் நான் கணக்கு வேலை பார்க்கிறேன். வீடு கடலுக்கு அந்தப் பக்கம் தீவில், ஜார்ஜ் டவுனின் ஜெலுத்தோங் பக்கம் ஒரு அடுக்குமாடி ஃபிளாட். தினமும் கடல் மேல் போகிற பாலத்தைத் தாண்டிப் போய், தாண்டி வருகிற பிழைப்பு. என் கணவருக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. அந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட். நான் கிளம்பிப் போன பிறகு அவர் வந்து படுப்பார், நான் திரும்பும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு போனில்தான் குடும்பம் நடத்தினோம்.

அந்த வருஷ ஆரம்பத்தில் அவருடைய அண்ணன் நிபோங் திபாலில் இறந்துபோனார். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவர். ஒரு நாள் ஊசியைப் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். தூங்குகிறார் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். மதியம் எழுப்பப் போனபோது ஆள் இல்லை. சர்க்கரை ஏறினால்தான் ஆபத்து என்று அதுவரை நினைத்திருந்தேன். இறங்கினால் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரியம் முடிந்த கையோடு என் கணவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். இன்னும் நோய் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார் டாக்டர். மருந்து வேண்டாம், எடையைக் குறையுங்கள், நடங்கள், வீட்டில் அவ்வப்போது சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்த ‘அவ்வப்போது’ மட்டும் என் காதில் ஏறவே இல்லை.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு சென்சார் வாங்கி வந்தாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை, அவ்வளவுதான். மேல்கையின் பின்பக்கம் ஒட்டிவிட்டால் விரலைக் குத்தாமலே சர்க்கரை அளவு அவருடைய போனுக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் சர்க்கரையை ஐந்து, ஆறு என்றுதான் அளப்பார்கள், நாலுக்குக் கீழே போனால் ஆபத்து. அங்கே வருவது என் போனிலும் தெரிகிற மாதிரி மகள் செய்து கொடுத்தாள். அதில்தான் வினை ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நான் கணக்குப் பார்த்ததைவிட அவர் சர்க்கரையைப் பார்த்ததுதான் அதிகம். எண் கொஞ்சம் ஏறினால் போதும், உடனே போன் போடுவேன்.

“என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் இல்லையே.”

“ஒண்ணும் சாப்பிடாமத்தான் ஒம்பதுக்கு ஏறுதா? காத்துல சீனி கலந்திருக்கா?”

தொழிற்சாலை கேண்டீனில் அவர் ரொட்டி சானாய் பிய்க்கும்போது போன் அடித்தால், சுற்றி இருப்பவர்கள் “சிசிடிவி வந்திருச்சு” என்று சிரிப்பார்களாம். எங்கள் கடையிலும் எனக்கு ‘போலிஸ் கூலா’ என்று பேர் வைத்துவிட்டார்கள், அதாவது சர்க்கரை போலீஸ். நான் கவலைப்படவில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், என் வீட்டுக்காரர் எனக்கு வேண்டும் என்று இருந்தேன். பலனும் தெரிந்தது. இரண்டு மூன்று மாதத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு எண் கொஞ்சம் ஏறும், உடனே நல்ல பிள்ளையாக இறங்கிவிடும். நாம் போட்ட கட்டுப்பாடுதான் வேலை செய்கிறது என்று எனக்குள்ளே ஒரு பெருமை வேறு.

அன்றைக்குக் காலையில் எண் எட்டைத் தாண்டியதைப் பார்த்தேன். கடையில் கூட்டம். போன் செய்ய நேரம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இறங்கத் தொடங்கியிருந்தது. சரி, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாடிக்கையாளருடைய காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் அலறியது. நான் அதுவரை கேட்டே இராத சத்தம். எடுத்துப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் மூன்று புள்ளி ஏழு. பக்கத்தில் அம்புக்குறி கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

அவருக்கு போன் செய்தேன். அடித்து அடித்து நின்றது. அவர் தூங்கும்போது சத்தத்தை அடைத்து ஹாலில் வைத்துவிடுவார் என்று தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தேன். அடுத்து வந்த எண் மூன்று புள்ளி நான்கு. கண்ணுக்கு முன்னால் அவர் அண்ணன் படுத்திருந்த கட்டில்தான் தெரிந்தது.

கார் சாவியை எடுத்தேன், இரண்டு தடவை கீழே போட்டேன். கடையில் கார் விற்கும் தம்பி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சாவியை வாங்கிக்கொண்டார். “அக்கா, நீங்க கார் எடுக்க வேணாம். நான் ஓட்டுறேன், ஏறுங்க.” ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்படி கடையில் இருந்தவர்களிடம் வீட்டு முகவரியை வாசலிலிருந்தே கத்திவிட்டு ஏறினேன்.

டோலைத் தாண்டுகிற வரைக்கும் வேகமாகத்தான் போனோம். பாலத்தில் ஏறி, நடுவில் உயரும் இடம் வந்ததும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கேயோ ஒரு லாரி பழுதாகி நின்றிருக்கிறது. இரண்டு பக்கமும் கடல். எதிரே தீவு தெரிகிறது, எங்கள் வீட்டுப் பக்கத்துக் கட்டடங்கள்கூட அடையாளம் தெரிகிறது. போகத்தான் வழியில்லை. மோட்டார் சைக்கிள்கள் மட்டும் ஓரமாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. இறங்கி ஒன்றில் தொற்றிக்கொள்ளலாமா என்று நிஜமாகவே கதவைத் திறந்தேன். “அக்கா, உக்காருங்க லா. நீங்க கீழ விழுந்தா அவர யாரு பாப்பா?” என்று அந்தத் தம்பி கதவைப் பூட்டிவிட்டார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு பாய் நினைவுக்கு வந்தார். ஜவுளிக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி, வீட்டிலேயே இருப்பார். இவர் ஏன் முதலிலேயே நினைவுக்கு வரவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டு போன் செய்தேன். பாதி சொல்லும்போதே அவர் நடக்கத் தொடங்கிவிட்டது மூச்சிரைப்பில் தெரிந்தது. இரும்பு கேட்டை அடிக்கும் சத்தம் கேட்டது. என் கணவர் பேரைச் சொல்லிக் கத்தினார். திரும்ப அடித்தார்.

“தங்கச்சி, உள்ள பூட்டு போட்டிருக்கு. பதில் இல்ல.”

எங்கள் படுக்கையறை ஜன்னல் பொது நடைபாதையைப் பார்த்து இருக்கும். கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கிற பழைய ஜன்னல். அதன் வழியாகப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடிப் பட்டையை அவர் சாய்க்கும் சத்தம் கேட்டது.

“படுத்திருக்காரு. சுவத்த பாத்து ஒருக்களிச்சுப் படுத்திருக்காரு.” அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அசையல மா.”

என் போனில் எண் மூன்று புள்ளி ஒன்றுக்கு வந்திருந்தது. அடுத்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணே வரவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் வந்து நின்றது. சிக்னல் இல்லை என்று அர்த்தமாம். ஆஸ்பத்திரியில் உயிர் போனால் திரையில் வருமே கோடு, எனக்கு அதுதான் தெரிந்தது. மாரியாத்தா, என் தாலியைக் காப்பாற்று என்று வாய்விட்டு அழுதேன். அதுவரை வெளியே யாரிடமும் கண்ணைக் கசக்காதவள் நான், கூட வேலை பார்க்கும் பையன் முன்னால் அப்படி அழுதேன்.

போனில் பாய் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றுகிறார்கள் என்று புரிந்தது. ஏதோ ஒன்று விழுந்து உடைந்தது. எதிர் வீட்டு சீனத்து ஆன்ட்டி துணி காயப்போடும் நீள மூங்கில் கழியை உருவிக்கொண்டு வந்து கொடுத்தாராம். ஜன்னல் வழியாக அதை நீட்டி பாய் என் கணவர் முதுகில் ஒரு குத்து. ஒன்றும் இல்லை. இன்னொரு குத்து.

“யார்ரா அது?”

அது என் கணவர் குரல். தூக்கம் கெட்ட கோபத்தோடு, தெளிவாக, உரக்க. எங்கள் இருபத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் குரல் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. “சீனித் தண்ணி குடுங்க பாய், உடனே குடுங்க” என்று கத்தினேன். இவர் எழுந்து வந்து கதவைத் திறந்ததும், பாய் வீட்டில் நாலு பங்கு ரோஸ் சிராப்பில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, இவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வாயில் ஊற்றியிருக்கிறார்கள்.

பாலம் ஒரு வழியாக நகர்ந்தது. நான் வீட்டு மாடிக்குப் போனபோது நடைபாதை முழுக்க ஆட்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் இவரை நாற்காலியில் உட்காரவைத்து விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துக்கு மேல் காட்டியது. சிராப் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது, அது மட்டும் இவ்வளவு சீக்கிரம் இப்படி ஏற்றியிருக்காது என்று அந்த ஆம்புலன்ஸ் பெண்ணுக்குச் சந்தேகம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மலாயில் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி முழித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் நாசி கண்டார். எல்லாக் குழம்பும் சோறு மிதக்கிற அளவுக்கு ஊற்றி, ஆட்டுக்கறியோடு.

அந்தப் பெண் அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தார். சென்சார் ஒட்டியிருந்த இடம் சிவந்து கன்றிப்போயிருந்தது. சென்சார் மேல் உடம்பு பாரத்தைப் போட்டு அமுக்கிப் படுத்தால் எண் பொய்யாக இறங்கிக் காட்டும், அழுத்தினால் சிக்னல்கூடப் போகும், எப்போதும் இந்தப் பக்கமா படுப்பீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இவர் அந்த இடத்தை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன். என் வாய் சும்மா இருக்குமா? பாலத்தில் இருந்த பயமெல்லாம் கோபமாக மாறியிருந்தது. வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

“தெரிஞ்சுதான் அந்தப் பக்கம் படுத்தேன். கையில சாஞ்சா நம்பர் எறங்கும்னு ஒரு நாள் தற்செயலா பாத்தேன். சாப்பிட்டா சாஞ்சுக்குவேன். நீ போன் பண்ண மாட்ட. இன்னிக்கு அப்படியே தூங்கிட்டேன்.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். ரெண்டு மாசம் இருக்கும் என்றார். நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த நல்ல எண்கள் எல்லாம் அப்படி வந்தவை. என்னை ஏமாற்றியிருக்கிறீர்களே என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உன்னை மட்டும் இல்லம்மா. எனக்கும் அத பாக்க முடியல. ஏறுறத பாத்தா அண்ணன் ஞாபகம் வருது. அடுத்தது நான்தான்னு தோணுது. அதே நேரத்துல நீ போன் பண்ணி திட்டுற. எனக்கு பயமா இருக்குன்னு உங்கிட்ட எப்படி சொல்லுவேன்?”

இத்தனை மாதமும் பயந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பயம், அவருக்கு அலட்சியம் என்று நானே பங்கு பிரித்து வைத்திருந்தேன். இறந்தது அவருடைய அண்ணன். அந்த மனுஷனிடம் ஒரு நாளாவது “உங்களுக்குப் பயமா இருக்கா?” என்று கேட்டிருக்கிறேனா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். அண்ணன் காரியத்தில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னோம். மாத்திரையோ இன்சுலினோ எடுக்காதவருக்குச் சர்க்கரை அப்படித் திடீரென்று விழுவது அபூர்வம், சென்சார் சந்தேகமாகக் காட்டினால் விரலில் குத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு மட்டும் அது அன்றைக்குப் பாலத்தின் மேலேயே வந்து நின்றது. டாக்டர் எடுத்த பரிசோதனையில் அவர் இன்னும் அதே வாசலில்தான் நிற்கிறார். உள்ளே போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

சென்சாரைக் கழற்றிவிட்டோம். இப்போது சாதாரணக் கருவிதான். டாக்டர் சொன்ன நாட்களில் அவரே விரலைக் குத்திப் பார்க்கிறார். சாயங்காலம் முடிந்தால் இரண்டு பேருமாகக் கடற்கரைப் பக்கம் நடக்கிறோம். உடைந்த ஜன்னல் கண்ணாடியை பாயே நின்று மாற்றிக் கொடுத்தார். அவர் வீட்டிலிருந்து வரும் குழம்பில் எண்ணெய் அதிகம் என்று இனி ஜென்மத்துக்கும் நான் குறை சொல்ல முடியாது.

கருவி பீப் என்று சத்தம் போடும்போது இன்றைக்கும் ஓடிப்போய் எட்டிப் பார்க்கத்தான் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படியிலேயே நிற்பேன். சில நாள் ஆறு என்பார், சில நாள் நேற்று கல்யாண வீட்டில் கை மீறிவிட்டது, எட்டு என்பார். எனக்குப் பயந்து அவர் காட்டிய ஐந்தைவிட, அவராக என்னிடம் வந்து சொல்கிற அந்த எட்டில்தான் எனக்கு நிம்மதி இருக்கிறது.